கேட்டுக்கொள்கிறேன்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் என் கடை முன்னால் ஆட்கள் வந்து நின்றுவிடுவார்கள். நாகர்கோவிலில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு கணினி மையம் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பட்டா நகல், வருமானச் சான்று, பாஸ்போர்ட் விண்ணப்பம், வக்கீல்களுக்குத் தட்டச்சு என்று மற்ற நாள்களில் வேலை கலந்து வரும். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். அன்றைக்கு மனு மட்டும்தான்.

அப்பா இதே வேலையைக் கையால் செய்தார். கடற்கரைக் கிராமத்தில் பிறந்து பத்தாம் வகுப்போடு நின்றவர். ஒரு மடக்கு மேசை, ஒரு கட்டு வெள்ளைத்தாள், சட்டைப்பையில் இரண்டு பேனா. வேப்பமர நிழலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள் என்று அவர் எழுதிய எழுத்துக்கு அச்செழுத்தின் ஒழுங்கு இருந்தது. வருகிறவர்கள் அழுதுகொண்டோ கோபத்திலோ பேசுவார்கள். அதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அப்பா எட்டு வரியில் அடக்கிவிடுவார். எனக்கு அவர் சொல்லித் தந்த விதி ஒன்றுதான். "மக்களே, மனுவில் 'ஏன்' என்ற சொல் வரக்கூடாது. 'பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்' என்றுதான் முடிக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் வேலை நடக்காது."

கேட்பது என்ற சொல் தமிழில் மூன்று வேலை செய்கிறது. தா என்று கேட்கலாம். ஏன் தரவில்லை என்று கேட்கலாம். எதிரே நிற்கிறவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கலாம். அப்பாவின் மனுக்கள் முதலாவதை மட்டும் செய்தன, மூன்றாவது நடக்கும் என்ற நம்பிக்கையில். இரண்டாவதைச் செய்தவர்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கடைக்கு நான்கைந்து முறை வந்த ஒரு பையன் இருக்கிறான். பெயர் வேண்டாம். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஏ.சி. பழுது பார்க்கிறான். மலையடிவாரத்தில் வீடு. பக்கத்தில் ஒரு கல்குவாரி. இந்த மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மலையை உடைத்து, கல்லையும் எம்.சாண்டையும் ஏற்றிக்கொண்டு, விடிய விடிய எல்லை தாண்டிப் போகிற பார லாரிகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அவன் வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்தது. அக்காவின் கைக்குழந்தை வெடிச் சத்தத்தில் விழித்து அழுதுகொண்டே இருந்தது. முதல் மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் நான்தான். மனு எண் போட்டுத் தந்த சீட்டுகளைப் பிளாஸ்டிக் உறையில் மடித்துப் பர்ஸில் வைத்திருந்தான். ஒவ்வொரு முறையும் "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று பதில் வந்தது.

நான்காவது முறை அவன் கடைக்கு வரவில்லை. ஓர் இரவு வீட்டு வாசலில் நின்று போகிற லாரிகளை ஒரு நிமிடத்துக்கும் குறைவாகப் படம் எடுத்து, முகநூலில் போட்டு, மேலே நான்கு வரி எழுதினான். இந்த லாரிக்கு எத்தனை டன் அனுமதி? எடை போடுகிறவர் யார்? என் மூன்று மனுவும் எந்த மேசையில் இருக்கின்றன? வாங்குகிற சம்பளம் யாருடையது?

கெட்ட வார்த்தை இல்லை. யார் பெயரும் இல்லை. மூன்றாம் நாள் மாலை காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. "கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள்" என்றார்களாம். எந்தக் காவல் நிலையம் என்று நான் எழுதப்போவதில்லை.

இரவு எட்டரைக்கு அவனுடைய அம்மா என் வீட்டுக் கதவைத் தட்டினார். மனுக்களின் நகல் என் கணினியில் இருக்கும் அல்லவா, அதை எடுத்துக்கொண்டு உடன் வர முடியுமா என்று கேட்டார். நான் போனேன். முன்னறையில் ஒரு நீள பெஞ்சு. அவன் அதில் உட்கார்ந்திருந்தான், செருப்பு வெளியே. யாரும் அவனை அடிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். மேசை மேல் ஒரு பழுப்பு நிற உறையில் அவனுடைய போன். ஒன்பது மணிக்கு அந்த உறைக்குள்ளிருந்து மணி அடித்தது. அழைப்பு இல்லை, அலாரம். அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுக்க அவன் தினமும் வைத்திருந்தது. அதை அணைக்க அவன் எழுந்தான். உட்காரச் சொன்னார்கள். உறையைத் திறக்கவும் யாரும் முன்வரவில்லை. அது மேசையில் அதிர்ந்து அதிர்ந்து ஒரு விரற்கடை நகர்ந்தது. ஐந்து நிமிடம் நின்று, மறுபடியும் அடித்தது. அவனுடைய அம்மா அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நள்ளிரவுக்குப் பிறகு, அழைக்கும்போதெல்லாம் வர வேண்டும் என்று அறிவிப்பில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 353-வது பிரிவில் வழக்கு. பொதுமக்களிடையே பீதி உண்டாக்கும் செய்தி பரப்பியதாக. மூன்று ஆண்டுவரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம் அது. போன் திரும்ப வரவில்லை.

அன்றிரவு வீட்டுக்கு வந்து நான் செய்ததைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுதக் கூடாது. விளக்கைக்கூடப் போடாமல், கட்டிலில் உட்கார்ந்து, என் முகநூல் பக்கத்தை மேலிருந்து கீழே தள்ளிக்கொண்டே போனேன். எங்கள் தெருக் குழாயில் பதினோரு நாள் தண்ணீர் வராததைப் பற்றி எழுதியது. ஒரு சான்றிதழுக்குப் பணம் கேட்ட அலுவலகத்தைப் பற்றி எழுதியது. ஒரு மூதாட்டியின் உதவித்தொகை காரணம் சொல்லாமல் நின்றதைப் பற்றி எழுதியது. மூன்றையும் அழித்தேன். யாரும் என்னை அழைக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. ஒருவனை ஐந்து மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தது, அவனுக்கு மனு எழுதித் தந்தவளின் வாயையும் அடைத்துவிட்டது. ஒரு கைதின் முழுக் கணக்கு சிறைப் பதிவேட்டில் இருக்காது. இப்படி இரவோடு இரவாக அழிக்கப்படும் வரிகளில்தான் இருக்கும். அவற்றை யாரும் எண்ணுவதில்லை.

இந்த அச்சத்தை எனக்கு முன்பே என் தம்பி கற்றுவிட்டான். சித்தி மகன். எங்கள் கடற்கரையிலிருந்து பஹ்ரைனுக்கு மீன்பிடிக்கப் போன எத்தனையோ பேரில் ஒருவன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது அவன் அங்கே இருந்தான். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஒவ்வொரு ஊரிலும் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் தவித்த நாள்கள் அவை. இங்கே நாங்கள் கரையில் நின்றோம், அவன் அங்கே போனோடு நின்றான். யார் படகு எந்தத் திசையில் போனது, யார் கடைசியாக ஒயர்லெஸ்ஸில் பேசினார்கள் என்று தொகுத்துத் தொகுத்து முகநூலில் போட்டுக்கொண்டே இருந்தான். ஹெலிகாப்டர் ஏன் ஆழ்கடலுக்குப் போகவில்லை என்று கேட்டான். டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோது, "நானும் அங்கே இருக்கிறேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள்" என்று எழுதினான். அப்படி எழுதக்கூடியவன் அவன்.

பிறகு ஒரு நாள் அத்தனையும் நின்றுபோயிற்று. அறையில் உடனிருந்த மூத்தவர் ஒருவர் அவனிடம் சொல்லியிருக்கிறார்: "இங்கே இருந்துகொண்டு எந்த அரசாங்கத்தைப் பற்றியும் எழுதாதே. நம் ஊர் அரசாங்கமானாலும் சரி." அதோடு ஒரு பெயரையும் சொல்லியிருக்கிறார். நபீல் ரஜப்.

பஹ்ரைன் மனித உரிமை மையத்தின் தலைவராக இருந்தவர் நபீல் ரஜப். 2012-இல் பிரதமரை விமர்சித்து ட்விட்டரில் எழுதியதற்காக மூன்று மாதச் சிறைத் தண்டனை பெற்றார். வெளியே வந்த பிறகும் எழுதினார். 2016 ஜூனில் மீண்டும் பிடித்தார்கள். தொலைக்காட்சிப் பேட்டிகளுக்காக இரண்டு ஆண்டு. அது போதாதென்று, 2018 பிப்ரவரி 21 அன்று ட்விட்டர் பதிவுகளுக்காக இன்னும் ஐந்து ஆண்டு. யேமன் மீது குண்டு வீசுவதை எதிர்த்து எழுதியதும், ஜவ் சிறையில் கைதிகள் சித்திரவதை செய்யப்படுவதை எழுதியதும்தான் குற்றம். ஒக்கி முடிந்து மூன்றே மாதத்தில் வந்த தீர்ப்பு அது. என் தம்பி வலை இழுக்கிற அதே சின்னத் தீவில், சிறைக்குள் நடப்பதை வெளியே சொன்னவரைச் சிறைக்குள் வைத்துவிட்டார்கள். 2020 ஜூனில்தான் வெளியே விட்டார்கள், அதுவும் மீதித் தண்டனையை மாற்று முறையில் கழிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அதன் பிறகு தம்பி யாருடைய பதிவுக்கும் விருப்பக்குறிகூட இடுவதில்லை. பண்டிகைக்கு வாழ்த்து, கல்யாணப் படத்துக்கு ஒரு பூ. எங்கள் ஊர்களில் வளைகுடாவில் ஆள் இல்லாத வீடு குறைவு. அந்த வீடுகளின் வாட்ஸப் குழுக்களைப் பாருங்கள். மீன் விலை, தங்க விலை, திருவிழாத் தேதி எல்லாம் இருக்கும், ஒரு கேள்வியும் இருக்காது. பணத்தோடும் பெட்டியோடும் அந்த மௌனமும் விமானம் ஏறி வந்து நம் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நாம் அதை ஒழுக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அஹ்மத் மன்சூரைப் பற்றி நான் தேடிப் படிக்கத் தொடங்கியதற்குக் காரணம், அவருடைய கதையும் ஒரு மனுவில் தொடங்குகிறது என்பதுதான். ஐக்கிய அரபு அமீரகத்துக்காரர், பொறியாளர், கவிதை எழுதுகிறவர். 2011 மார்ச்சில் 133 பேர் கையெழுத்திட்டு நாட்டின் அதிபருக்கு ஒரு மனு அனுப்பினார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட, சட்டம் இயற்றும் அதிகாரமுள்ள ஓர் அவை வேண்டும் என்று கேட்கிற மனு. அப்பா எழுதுவது போன்ற பணிவான மனுவாகத்தான் இருந்திருக்கும். அடுத்த மாதமே மன்சூரையும் இன்னும் நால்வரையும் கைது செய்தார்கள். நவம்பரில் தலைவர்களை அவமதித்ததாக மூன்று ஆண்டுத் தண்டனை விதித்து, மறுநாளே மன்னித்து விட்டார்கள். பாஸ்போர்ட்டை மட்டும் திருப்பித் தரவில்லை. 2015-இல் மனித உரிமைப் பணிக்கான மார்ட்டின் என்னல்ஸ் விருது கிடைத்தபோது ஜெனீவாவுக்குப் போய் வாங்க அவரால் முடியவில்லை.

2016 ஆகஸ்டில் அவருடைய போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. சிறைகளில் நடக்கும் சித்திரவதை பற்றிய புதிய ரகசியங்கள், இந்த இணைப்பைத் திறந்து பாருங்கள் என்று. அவர் திறக்கவில்லை. டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இருக்கும் சிட்டிசன் லேப் என்ற ஆய்வகத்துக்கு அனுப்பிவைத்தார். திறந்திருந்தால் பெகாசஸ் உளவு மென்பொருள் போனுக்குள் புகுந்திருக்கும் என்று அவர்கள் கண்டுபிடித்தார்கள். உலகம் முழுவதும் இருக்கும் ஐபோன்களுக்கு ஆப்பிள் நிறுவனம் அவசரமாகத் திருத்தம் வெளியிட்டது அதனால்தான். இந்தக் கட்டுரையை ஐபோனில் படிக்கிறவர்கள் இருந்தால், உங்கள் பூட்டில் ஒரு பகுதி அந்த மனிதர் செய்து தந்தது.

2017 மார்ச் 20 நள்ளிரவில் அஜ்மானில் உள்ள வீட்டுக்கு வந்து அவரைக் கொண்டு போனார்கள். அவருக்கு நான்கு பிள்ளைகள். வீட்டிலிருந்த போன்களையும் மடிக்கணினிகளையும் எடுத்துச் சென்றார்கள். நாட்டின் மதிப்பையும் அதன் சின்னங்களையும் சமூக ஊடகத்தில் இழிவுபடுத்தினார், பொய்த் தகவல் பரப்பினார் என்று 2018 மே மாதம் 10 ஆண்டுச் சிறையும் 10 லட்சம் திர்ஹம் அபராதமும் விதித்தார்கள். அந்த ஆண்டின் கடைசி நாளில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. தனிமைச் சிறை. படுக்கக் கட்டில் இல்லை, மெத்தை இல்லை, புத்தகம் இல்லை. எழுதுகிற ஒருவரிடமிருந்து புத்தகத்தை எடுத்துக்கொள்வதை நான் எப்படி எண்ணிப் பார்த்தாலும் மனம் தாங்கவில்லை. இரண்டு முறை உண்ணாவிரதம் இருந்திருக்கிறார். அந்த 10 ஆண்டு முடிவதற்குள்ளேயே, 80-க்கும் மேற்பட்டவர்களை ஒன்றாகச் சேர்த்து நடத்திய வழக்கில் 2024 ஜூலையில் இன்னும் 15 ஆண்டு சேர்த்துவிட்டார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் கண்ணாடிக் கட்டடங்களின் முன் நின்று படம் எடுத்து அனுப்புகிற அதே அபுதாபியில்தான் அந்தச் சிறை இருக்கிறது.

பெரிய மனிதர்கள் என்பதால்தான் அரசுகள் அஞ்சின என்று யாராவது சொன்னால், சவூதியின் முஹம்மத் அல்-காம்தியைச் சொல்வேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். சமூக ஊடகத்தில் அவர் எழுதிய கணக்குகளைப் பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் பத்துப் பேர். 2023 ஜூலையில் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதை நீக்கி, 2024-இல் 30 ஆண்டாக்கினார்கள். பத்துப் பேர் என்பது என் கடை வாசலில் திங்கட்கிழமை நிற்கிற வரிசையைவிடச் சின்னது.

இவற்றை வாசித்துவிட்டு "நம் நாடு எவ்வளவோ மேல்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. மேல்தான். மேலாக இருப்பதற்கு ஆட்கள் விலை கொடுத்திருக்கிறார்கள், இந்த மண்ணிலேயே. திருவிதாங்கூர் மன்னரை நீசன் என்று சொன்ன அய்யா வைகுண்டரை 1838-இல் சாமிதோப்பிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோய்ச் சிங்காரத்தோப்பில் ஏறத்தாழ 110 நாள் சிறை வைத்தார்கள். 1910 செப்டம்பர் 26 அன்று, திவானின் ஊழலை எழுதிய சுதேசாபிமானி பத்திரிகையின் அச்சகத்துக்கு முத்திரை வைத்து, ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளையை நாடுகடத்தினார்கள். ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டினால் அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமை, பிரிட்டிஷ் நாடு. அங்கே கொண்டுபோய் விட்டார்கள். 1916-இல் கண்ணூரில் இறக்கும்வரை அவர் தன் நாட்டுக்குத் திரும்பவே இல்லை. நான் பஸ்ஸில் ஆரல்வாய்மொழியைக் கடக்கும்போதெல்லாம், காற்றாலைகளுக்கு நடுவே அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன். பூதப்பாண்டியில் பிறந்த பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, பகத்சிங்கின் கட்டுரையைத் தமிழில் தந்ததற்காகச் சிறை போனவர். அச்சகத்துக்கு முத்திரை வைத்ததும் போனைப் பழுப்பு உறையில் போட்டதும் ஒரே வேலைதான். கருவிதான் சிறுத்துவிட்டது.

நம் காலத்துக்கு வருகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. எரிச்சல், அசௌகரியம் உண்டாக்குகிற செய்தி அனுப்பினால் மூன்று ஆண்டுவரை சிறை. 2012-இல் மகாராஷ்டிரத்தின் பால்கரில், சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே மறைவுக்காக மும்பை முழுவதும் கடையடைப்பு எதற்கு என்று கேட்ட பெண்ணையும், அதற்கு விருப்பக்குறி இட்ட தோழியையும் அந்தப் பிரிவில் பிடித்தார்கள். ஒரு சட்ட மாணவி உச்ச நீதிமன்றத்துக்கு மனுவோடு போனார். 2015 மார்ச் 24 அன்று அந்தப் பிரிவை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று நீதிமன்றம் அடியோடு நீக்கியது. அதற்குப் பின்னும் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்ததைக் கண்டு 2021-இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. செத்துப்போன சட்டத்தில்கூட நம்மைப் பிடிக்க முடிகிறது.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமைக்கு ஆளான ஒரு தம்பதி, இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்குளித்தார்கள். நால்வரும் இறந்துபோனார்கள். பலமுறை மனு கொடுத்தவர்கள். அந்தப் படத்தைப் பார்த்த நாளில் அப்பா சாப்பிடவில்லை. "நம்மைப்போல் ஒருவர்தான் அந்த மனுவை எழுதிக் கொடுத்திருப்பார்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சாவுகளைப் பற்றிக் கேலிச்சித்திரம் வரைந்து முகநூலில் வெளியிட்ட பாலாவை நவம்பர் 5 அன்று சென்னையில் வீட்டிலிருந்து திருநெல்வேலிக்குக் கொண்டுவந்தார்கள். மறுநாள் ஜாமீன் கிடைத்தது. அதற்குப் பிறகு நம் ஆட்சியர் அலுவலக வாசல்களில் திங்கட்கிழமை தோறும் சோதனை நடக்கிறது. பையைத் திறந்து பார்க்கிறார்கள், தண்ணீர்ப் பாட்டில் மூடியைத் திருகி முகர்ந்து பார்க்கிறார்கள், மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று. அது தேவைதான். அதே அக்கறையோடு மனுவையும் திறந்து பார்த்திருந்தால் என்று எனக்கு வாராவாரம் தோன்றுகிறது.

இந்தப் பாதையில் ஓர் இடம் இருக்கிறது. அங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது என்று வக்கீல்களுக்குத் தட்டச்சு செய்து செய்து எனக்குப் புரிந்திருக்கிறது. கைது செய்த ஆளை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துகிறார்களே, அந்த இடம். ஏழு ஆண்டுவரை தண்டனையுள்ள குற்றங்களில் கண்ணை மூடிக்கொண்டு கைது செய்யக் கூடாது, கண்ணை மூடிக்கொண்டு ரிமாண்டும், அதாவது காவலில் வைக்க உத்தரவும், செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. ஆனாலும் ரிமாண்ட் கையெழுத்து பல இடங்களில் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து போலவே விழுகிறது. 2021-இல் நம் மதுரைப் பக்கம் ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குச் சுற்றுலா போன படங்களைப் போட்டு, துப்பாக்கிச் சுடும் பயிற்சிக்காகப் பயணம் என்று வேடிக்கையாக எழுதினார். அரசுக்கு எதிராகப் போர் தொடுக்கத் தயாரானதாக வாடிப்பட்டி காவல்துறை வழக்குப் பதிந்து ரிமாண்டுக்குக் கொண்டு போனது. மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். பின்னர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்து, ரிமாண்டை மறுத்த அந்த மாஜிஸ்திரேட்டைப் பாராட்டியும் எழுதியது. ஒரு தாலுகா ஊரில், வழக்குக் கட்டுகளின் நடுவே உட்கார்ந்து, ஒருவர் தாளைப் படித்துப் பார்த்தார். அவ்வளவுதான் நடந்தது. அந்த ஒருவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அறுபது வயதைத் தாண்டியவர் சிறையில் இருந்திருப்பார்.

அப்படிப் படிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு மணிப்பூர் இருக்கிறது. சாணமும் கோமியமும் கொரோனாவுக்கு மருந்தாகாது என்று முகநூலில் எழுதிய அரசியல் செயற்பாட்டாளர் எரேந்திரோ லெய்சோம்பம் 2021 மே மாதம் கைதானார். விசாரணையின்றி அடைத்துவைக்க வழிசெய்யும் தேசியப் பாதுகாப்புச் சட்டமும் அவர்மேல் பாய்ந்தது. அவருடைய தந்தை தாக்கல் செய்த மனுவில், ஜூலை 19 அன்று, மாலை ஐந்து மணிக்குள் அவரை விடுவிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஒரு நாள்கூட அவரை வைத்திருக்கக் கூடாது என்று நீதிபதிகள் கருதிய இடத்தில் இரண்டு மாதம் போய்விட்டது. அந்த இரண்டு மாதத்தை யார் திருப்பித் தருவார்கள்?

2025 மார்ச் 28 அன்று, ஒரு கவிதைக்காகப் போடப்பட்ட வழக்கை ரத்து செய்த தீர்ப்பில், பேச்சு, எழுத்து தொடர்பான இத்தகைய புகார்களில் வழக்குப் பதியும் முன் 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்யும் வழி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருப்பதை உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. எதற்கெடுத்தாலும் ஆபத்து காண்கிற பலவீனமான மனங்களை அளவுகோலாக வைத்துச் சொற்களை எடைபோடக் கூடாது என்றும் சொன்னது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

கண்டபடி எழுதுகிறவர்களை விட்டுவிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். விடக் கூடாது. என் கடையில் வேலை பார்த்த பெண்ணின் படத்தைத் திரித்து ஒருவன் பரப்பினான். நான் உடன் சென்று புகார் கொடுத்தேன். ரசீது தந்தார்கள். ஏழு மாதம் அவனை யாரும் "கொஞ்சம் வந்துவிட்டுப் போங்கள்" என்று அழைக்கவில்லை. அந்தப் பெண் வேலையை விட்டுவிட்டாள். லாரியின் எடையைக் கேட்டவனுக்கு மூன்றே நாளில் அழைப்பு போயிற்று. தனியொரு பெண்ணை அவமானப்படுத்துவதும் ஓர் அலுவலகத்தைக் கேள்வி கேட்பதும் ஒன்றாகாது. இந்த வேறுபாடு புரியாதவர்கள் யாரும் அந்த மேசைகளில் உட்கார்ந்திருக்கவில்லை. புரிந்துதான் செய்கிறார்கள்.

அந்தப் பையன் இதுவரை ஆறு முறை விசாரணைக்குப் போய்வந்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகிறது. போன் நீதிமன்றப் பாதுகாப்பில் இருக்கிறது. அதைத் திருப்பித் தரக் கேட்டு வக்கீல் எழுதிய மனுவை நான்தான் தட்டச்சு செய்தேன். காரணங்கள் பகுதியில், தந்தையின் மாத்திரை அலாரத்தையும் சேர்க்கலாமா என்று வக்கீலைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, சேருங்கள் என்றார்.

போன திங்கட்கிழமை அவன் கடைக்கு வந்தான். குவாரியைப் பற்றி நான்காவது மனு கொடுக்க வேண்டும் என்றான். கட்டஞ்சாயா வாங்கிக் கொடுத்தேன். முதல் மூன்று மனுக்களின் எண்ணையும் தேதியையும் மேலே போட்டு, கீழே விவரத்தை எழுதிக்கொண்டு வந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் விரல் தானாக அப்பாவின் வரியை அடித்தது. அவன் திரையைப் பார்த்துவிட்டு, "அக்கா, 'ஏன்' என்று ஓர் இடத்திலாவது போடலாமா?" என்றான். மூன்று மனுக்கள் மீதும் ஏன் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பதை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கும்படி கேட்கிறேன் என்று மாற்றினேன். பணிவன்புடன் என்பதை அவனே வைத்துக்கொள்ளச் சொன்னான்.

வாசலில் பெண் காவலர் அவனுடைய தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்துவிட்டுக் கொடுத்தார். முக்கால் மணி நேரத்தில் சீட்டோடு திரும்பி வந்தான். அதைப் படம் எடுத்து வைக்க வேண்டும், அவனிடம் போன் இல்லை. என் போனில் எடுத்தேன். சீட்டில் மனு எண் தெளிவாக விழுந்திருந்தது. அன்று மாலை கடையைச் சாத்தும் முன், அந்தப் படத்தை என் பெயரில், என் பக்கத்தில் போட்டேன். மேலே மூன்று மனுக்களின் தேதி, கீழே நான்காவதன் எண். தெருக் குழாயைப் பற்றி அழித்துவிட்டதையும் நினைவிலிருந்து திரும்ப எழுதிப் போட்டேன். கை நடுங்கியது உண்மை.

தம்பி பார்த்திருக்கிறான் என்று தெரியும். குறி எதுவும் இடவில்லை. இரவு பத்தரைக்கு பஹ்ரைனிலிருந்து அழைத்தான். அங்கே காற்று பலமாக இருப்பதால் இரண்டு நாளாகப் படகு இறக்கவில்லை என்றான். சித்திக்கு முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான். இங்கே சாளை என்ன விலை போகிறது என்று கேட்டான். வைக்கப்போகிற நேரத்தில் கொஞ்சம் பேசாமல் இருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்த லாரிகள் இப்போதும் ஓடுகின்றனவா?" என்றான்.